வச்சிருதேன்

1

போன மாதம் ஏரல், மாப்பிள்ளையூரணி வட்டாரத்தில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் நடுவே, நான் ஹாம்பர்க்கில் புது வீடு வாங்கிவிட்டதாக ஒரு செய்தி பரவியது. ஏரலில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன்தான் முதலில் கூப்பிட்டான். "வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. ஐயரு அங்கனயே கெடைச்சாவளா?" என்று கேட்டான். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

இருபத்திரண்டு வருடமாக நான் இருப்பது மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட யோசித்துத்தான் அடிக்க வேண்டும். யார் சொன்னது என்று கேட்டேன். தங்கபுஷ்பம் அக்காதான் சொன்னாளாம். என் மகள் ஜெமிக்குப் புது ஹவுஸ் ரிலீஸ் ஆகிறது என்று ஜெமியே அவளிடம் போனில் சொன்னாளாம். ரிலீஸ் என்றால் பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹவுஸ் என்பது ஒருவகை ஆட்டப் பாட்டு என்று அவனுக்கு விளக்கிச் சொல்லும்போதே, மனதில் வேறொன்று குத்திக்கொண்டிருந்தது. என் கூடப் பிறந்த அக்கா என்னிடம் பேசி ஒரு வருடம் ஆகிறது. அவள் என் மகளிடம் பேசுகிறாள். இது எனக்குத் தெரியாது.

2

தங்கபுஷ்பம் அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நாசரேத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, அத்தானோடு மாப்பிள்ளையூரணியில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவள். பிள்ளைகள் இல்லை. நான் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுவாள். இங்கே அது காலைக் காப்பி நேரம்.

அவள் போன் பேசி முடிப்பது தனிக்கதை. "சரி தம்பி, வச்சிருதேன்" என்பாள். வைக்கமாட்டாள். நான் "வேற என்னக்கா" என்பேன். வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நெத்திலி விற்கிற விலையையும் கோயிலில் கமிட்டிக்காரர்கள் போட்ட சண்டையையும் ஆரம்பிப்பாள். மறுபடியும் ஒரு வச்சிருதேன். இப்படி மூன்று நான்கு தடவை ஆகும். முக்கியமான சமாச்சாரமெல்லாம் முதல் வச்சிருதேனுக்குப் பிறகுதான் வரும். அவளுக்குச் சர்க்கரை இருப்பது, அத்தானுக்கு நெஞ்சில் அடைப்பு என்று டாக்டர் சொன்னது எல்லாமே எனக்கு அப்படித் தெரிந்ததுதான். என் மனைவி கடிகாரத்தைப் பார்ப்பாள். ஜெமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது விரல் விட்டு எண்ணுவாள்.

அத்தான் போன வருடம் இறந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஹாம்பர்க்கில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் இறந்த வாரம் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் பாஸ்போர்ட் இல்லை, அதனால் வர முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் சாவுக்குப் போக வேண்டும் என்று தூதரகத்தில் போய் நின்றால் ஏதாவது ஒரு வழி சொல்லியிருப்பார்கள். நான் போய் நிற்கவில்லை. அந்த வாரம் ஆபீஸில் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்தேன். நான் இல்லாமலும் நடந்திருக்கும். அத்தானின் அடக்கத்தைப் போனில் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோனது.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்திருந்தேன்.

"நினைவு ஆராதனைக்காவது வாரியா?" என்று கேட்டாள்.

பார்க்கிறேன் என்றேன்.

"நீ பாக்கேன்னு சொன்னா வரமாட்டேன்னுதான் அர்த்தம். ஒன் பெட்டியத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் ஒன் பின்னால வந்த மனுசன்லே அவுக. சரி, வச்சிருதேன்."

அதோடு வைத்துவிட்டாள். 'வேற என்னக்கா' என்று கேட்க எனக்கு இடமே கொடுக்கவில்லை. இப்படித்தான் மனைவியிடம் சொன்னேன், சித்தப்பா மகனிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. முகத்தில் அடித்தாற்போல வைத்தவள் அவள்தானே, அவளே கூப்பிடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நினைவு ஆராதனைக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நட்சத்திரப் படம் போட்டேன். அவளும் ஒன்று போட்டாள். போன மாதம் அத்தானுக்கு ஒரு வருடம் முடிந்தது. அதற்கும் போகவில்லை.

3

ஜெமி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால் "மியூசிக்" என்று சொல்லிவைத்திருந்தேன். கோயிலில் ஆர்கன் வாசிக்கிறாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. பகலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கணினியையும் நாலைந்து பெட்டிகளையும் வைத்துக்கொண்டு டும் டும் என்று தட்டிக்கொண்டிருப்பாள். டெக்னோ, ஹவுஸ் என்று இரண்டு. வித்தியாசம் என்ன என்று ஒருமுறை கேட்டேன். இரண்டிலும் அடி ஒன்றுதான், ஹவுஸில் ஆள் குரல் கொஞ்சம் இருக்கும், இடுப்பு ஆடும்; டெக்னோவில் இயந்திரம் மட்டும் ஓடும் என்றாள். தூத்துக்குடி துறைமுகச் சாலையில் பத்து வருடம் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டியவனுக்கு டெக்னோ புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது என்று கேட்டேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

அவளுடைய பாட்டை வெளியிடுகிறவர்கள் மூன்று பேர். ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய பட்டறையில் ஒரு லேபிள் நடத்துகிறார்கள். பெரிய கம்பெனி யாரும் பின்னால் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு இசைத்தட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அட்டையை அவர்களே மடித்து, தட்டுக்கு நம்பர் போட்டு, தபாலில் அனுப்புகிறார்கள். இதைக் கேட்க ஜப்பானில்கூட ஆள் இருக்கிறது என்றாள். இந்தக் காலத்தில் இசைத்தட்டா என்றேன். அப்பாவுக்கு எல்லாமே இந்தக் காலத்தில்தான் சந்தேகம் என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது உப்பளத்து மோட்டார் பம்பு ஓடுகிற சத்தத்தை ஒரு சின்னக் கருவியில் பதிவு செய்துகொண்டு வந்தாள். அவளுடைய முதல் பாட்டிலிருந்தே அடி விழுவது அந்தப் பம்பு. இங்கே வீட்டிலும் அப்படித்தான். பிரிட்ஜ் மேலே அந்தக் கருவி மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் பேசுவது, தாளிப்பது, தும்முவது எல்லாம் அதில் ஏறும். அந்த எரிச்சலில் எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறேன்.

"அப்பா, நான் நம்ம சமையலறையை நல்லா கண்டுபிடிக்கிறேன்" என்பாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மன்காரன் ஒன்று தனக்குப் பிடித்தால், அதை நல்லதாகக் கண்டுபிடிக்கிறேன் என்பான். இவள் அதை அப்படியே தமிழில் வைத்துவிடுவாள். இப்படித்தான் இவளுடைய தமிழ். வாய்க்குள் ஜெர்மன், வெளியே தமிழ். ஊருக்குப் போனால் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று பேசவைத்துச் சிரிக்கும். எனக்கு அவமானமாக இருக்கும். நான் இன்னும் அட்சர சுத்தமாகத் திருநெல்வேலிச் சீமைத் தமிழ் பேசுகிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பெருமையை எழுதித்தான் ஆகவேண்டும், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

4

வீடு வாங்கிய கதையைக் கேட்ட அன்று மாலை ஜெமியிடம் நேராகவே கேட்டேன், அத்தையோடு எத்தனை நாளாகப் பேசுகிறாய் என்று. மூன்று மாதமாக என்றாள். பயமோ மறைப்போ இல்லை. லேபிளுக்கு ஒரு படிவம் வேண்டியிருந்தது, அதனால் பேசினேன் என்றாள்.

புதிய தட்டில் இரண்டாம் பக்கம் முதல் பாட்டில் அத்தையின் குரல் வருகிறதாம். பிறர் குரலை எடுத்தால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று அந்த மூன்று பேரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பக்கப் படிவம். குரலுக்கு உரியவர் பெயர், பிறந்த இடம், கலைஞர் என்ற முறையில் எந்தப் பெயரில் அறியப்படுகிறார், குரலில் உள்ள சொற்களும் அவற்றின் பொருளும், கையெழுத்து. ஜெர்மன்காரன் மூச்சு விடுவதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பான். ஆனாலும் கேட்டு வாங்கவேண்டும் என்று நினைத்தார்களே, அதுவரை நல்லவர்கள்.

பாட்டைப் போட்டுக் காட்டு என்றேன். ஹெட்போனை மாட்டிவிட்டாள். ரொம்ப நேரம் பம்பு ஓடியது. அதன் மேலே 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் தாளத்தோடு வந்தது. பிறகு ஒரு பெண் குரல். முதலில் ஒரே ஒரு எழுத்து, பிறகு இரண்டு, பிறகு சொல் முழுதாக.

வச்சிருதேன். வச்சிருதேன். வச்சிருதேன்.

எந்த ஞாயிற்றுக்கிழமை வச்சிருதேன் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. கடைசி எழுத்தில் குரல் உடைகிற இடம்கூட அப்படியே இருந்தது. அன்று பிரிட்ஜ் மேலே அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டுக்கு லேபிள்காரர்கள் எழுதியிருந்த குறிப்பைக் காட்டினாள். முத்துக் குளிக்கும் கடற்கரையிலிருந்து வரும் ஆதிக்குரல் என்று இருந்தது. முத்துக் குளிப்பு நான் பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுபோனது. அக்கா அலையில் கால் நனைக்கவே பயப்படுவாள். எங்கள் அப்பா உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். பாட்டின் தலைப்பு 'வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் இங்கிலீஷில் இருந்தது. கீழே ஜெமி எழுதிக் கொடுத்த விளக்கம்: அந்தக் கரையின் பேச்சில் ஒரு பெண், உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்கிறாள்.

வச்சிருதேன் வேறு, வச்சிருக்கேன் வேறு. ஒன்று போனை வைத்துவிடுகிறேன் என்பது. மற்றது கையிலேயே வைத்திருக்கிறேன் என்பது. நடுவில் ஓர் எழுத்தின் இடத்தில்தான் வித்தியாசம். அதைப் பிடிக்க எங்கள் ஊர்க் காது வேண்டும். ஜெமியின் காது ஹாம்பர்க் காது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அன்றைய போனைப் பற்றிப் பேச வேண்டும். என் முகத்தில் அடித்த வார்த்தையை வைத்துத்தான் நீ ஊரை ஆடவைக்கிறாய் என்று சொல்ல வேண்டும். அதைவிடக் கேவலமான ஒரு காரணமும் உண்டு. பார், உனக்குத் தமிழ் தெரியவில்லை என்று மனசுக்குள் ஒரு திருப்தி. பெற்ற மகள் மேல் அப்படி ஒரு திருப்தி எனக்கு வந்தது. நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லி ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன்.

5

படிவம் அடுத்த வாரம் ஸ்கேன் ஆகி வந்தது. ஊரில் யாரோ ஜெராக்ஸ் கடையில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அக்கா எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள். கலைஞர் பெயர் என்ற இடத்தில் இங்கிலீஷில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதி அடியில் ஒரு கோடு. கையெழுத்து, பெயர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

பொருள் என்ற கட்டத்தில் மட்டும் சிவப்பு மை. லேபிள்காரர்கள் டைப் அடித்திருந்த விளக்கத்தின் மேல் ஒரு சுழி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கீழே அவளுடைய உருண்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். இந்த மொழிபெயர்ப்பு தவறு, இதற்குப் பொருள் 'தொலைபேசியை வைத்துவிடுகிறேன்' என்பதே, தயவுசெய்து திருத்தவும்.

ஜெமி அதை என் முன்னால் நீட்டினாள். கோபம் இருந்தது. "நீங்க கேட்டீங்கல்ல அப்பா? தப்புன்னு தெரியும்ல? ஏன் சொல்லல?"

வேறு வழியில்லாமல் சொன்னேன். எல்லாவற்றையும். பாஸ்போர்ட், மென்பொருள், நினைவு ஆராதனை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. உன் அத்தை படக்கென்று வைத்தாள், ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை, அந்த வார்த்தையைத்தான் நீ பாட்டாக்கி வைத்திருக்கிறாய் என்றேன். என் குரலில் கொஞ்சம் வெற்றிகூட இருந்திருக்கும்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "அத்தை வைக்கல அப்பா" என்றாள்.

6

அவளுடைய கணினியில் அன்றைய பதிவு முழுதாக இருந்தது. வெட்டாதது. எனக்குப் போட்டுக் காட்டினாள். என் பாத்திரங்கள் உருளுகின்றன. அக்கா பேசுகிறாள். சரி, வச்சிருதேன். உடனே ஒரு பெரிய 'ஸ்ஸ்'. அது எங்கள் வீட்டுக் குழாய். நான் திறந்திருக்கிறேன், முழுவதுமாக. பாட்டில் தாளத்தோடு வருகிற 'ஸ்ஸ்' அதுதான் என்றாள். அவளுக்குப் பிடித்திருந்ததாம், வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாளாம். ஏழெட்டு வினாடி கழித்து, கண்ணாடியில் விரல் தட்டுகிற சின்னச் சத்தம். போன் முடிகிற ஒலி.

"இது உங்க விரல்" என்றாள். "ஈர விரல். அதான் சத்தம் இப்படி."

குழாய்ச் சத்தத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது, அத்தையின் குரலைத் தனியாக எடுக்கும்போது கொஞ்சம் வந்தது, வேகமாகப் பேசியதால் புரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றாள். பிறகு கணினியில் எதையெதையோ இழுத்தாள், குறைத்தாள். தண்ணீர் மெலிந்துகொண்டே போனது. வயர்லெஸ்ஸில் வருகிற மாதிரி ஒரு குரல் எஞ்சி நின்றது.

"தம்பி. கோவத்துல சொல்லிட்டேன்லே, மனசுல வச்சுக்கிடாத. இருக்கியா? ஏலே, அவுக கடைசியா ஒங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ..."

அங்கே விரல்.

இருபத்திரண்டு வருடம் ஞாயிறுதோறும் நான்கு வச்சிருதேன் கேட்டவன் நான். முதல் வச்சிருதேன் கதவைத் திறப்பது, சாத்துவது அல்ல என்று எனக்குத் தெரியாதா? இந்த ஹாம்பர்க்கில் விடைபெறும் சொல்லைச் சொன்ன கையோடு வைத்துவிடுவார்கள். ஆபீஸில் நாள் முழுக்க அப்படித்தான் நானும் வைக்கிறேன். அது எப்போது என் விரலுக்குள் வந்தது என்று தெரியவில்லை. மகளின் தமிழை ஊர் சிரித்தபோது வெட்கப்பட்டேனே, அவள் ஒரு எழுத்தைத்தான் தவறவிட்டாள். நான் சொல்லையே தவறவிட்டிருக்கிறேன். தவறவிட்டுவிட்டு ஒரு வருடம் அக்கா மேல் பழி சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன்.

"நான் எழுதினது ரொம்பத் தப்பில்ல" என்று ஜெமி மெதுவாகச் சொன்னாள். "அத்தை போனை வைக்கல. வச்சிருந்தாங்க."

லேபிள்காரர்களிடம் அவளே போய்ப் பேசினாள். ஆதிக்குரல் போனது, முத்துக் குளிப்பு போனது. தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டார்கள், 'வச்சிருதேன்' என்று. மொழிபெயர்ப்பு கிடையாது. அட்டையில் குரல் என்ற இடத்தில் தங்கபுஷ்பம், ஓய்வுபெற்ற ஆசிரியை, மாப்பிள்ளையூரணி என்று இருக்கிறது. தட்டு போன வெள்ளிக்கிழமை வெளியானது.

7

ஞாயிற்றுக்கிழமை ஊரில் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்து நான் கூப்பிட்டேன். குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு தம்பி" என்றாள். நேற்றுப் பேசியவளைப் போலக் குரல் சாதாரணமாக இருந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். குழாயை, விரலை, தண்ணீருக்கு அடியில் கிடந்த பேச்சை. நீ வைத்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றேன். அவள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நான் பேசி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர்கள் அப்படித்தான் கேட்பார்கள். உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவள் வீட்டைத் தாண்டிப் போவது கேட்டது.

"அத்தான் என்ன சொல்லச் சொன்னாவக்கா?"



"ஒரு வருசம் நெஞ்சுக்குள்ள வச்சிருந்தேன் தம்பி. கூப்பிடுவே, சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போனப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். போன மாசம் வருசம் திரும்பிச்சு. கல்லறைக்குப் போயி அவுககிட்டயே சொல்லிட்டு வந்துட்டேன், அவனுக்குக் கேக்க நேரமில்ல, நீங்களே வச்சுக்கிடுங்கன்னு. இப்பம் எங்கிட்ட இல்ல. அதான் அந்தப் புள்ளைக்குத் திருத்தி அனுப்புனேன், வச்சிருக்கேன்னு போடாதன்னு."

அக்கா, என்றேன்.

"ஜெமிய நல்லாப் பாத்துக்க. கெட்டிக்காரி. சரி, வச்சிருதேன்."

நான் பொத்தானைத் தொடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தேன். நெத்திலி விலைக்காகக் காத்திருந்தேன். கமிட்டிக்காரர்கள் சண்டைக்காகக் காத்திருந்தேன். எதுவும் வராததால் நானே கேட்டேன்.

"வேற என்னக்கா?"

அக்கா வைத்துவிட்டிருந்தாள்.